வாடகைக் கண்ணாடி

கடிதம் வந்தது மார்ச்சில், ஒரு செவ்வாய்க்கிழமை.
இரவு டிராமை டிப்போவில் விட்டுவிட்டு வந்து
காலணியைக்கூடக் கழற்றாமல் படித்தேன்.
"மதிப்பிற்குரிய திருமதி லெம்கே,
ஜூன் முதல் மாதம் ஐம்பத்தெட்டு யூரோ கூடுதல்.
தங்கள் சம்மதத்தை எதிர்பார்க்கிறோம்."

சம்மதம்!
பெண் கேட்டு வந்தவர்கள் மாதிரி எழுதியிருக்கிறார்கள்.
தேட்லெஃப் கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.
"சாவி எனக்கும் ஒன்று வெட்டிக்கொள்ளட்டுமா?"
என்றான், அவ்வளவுதான்.

பெர்லினில் வாடகைக்கென்று ஒரு கண்ணாடி இருக்கிறது.
பெயரே அதுதான், வாடகைக் கண்ணாடி.
முகம் தெரியாது அதில்.
கட்டடம் எழும்பிய ஆண்டு, சதுர மீட்டர், தெருவின் தரம்,
கட்டம் கட்டமாக எண்கள்.
ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தரை, ஒரு கூரை.
நடுவில் உன் வீடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று
கூட்டல் குறிகளும் கழித்தல் குறிகளும் சொல்லும்.
மூன்று வருடத்தில் நூற்றுக்குப் பதினைந்தைத்
தாண்டவும் கூடாது.
தண்டவாளம் மாதிரிதான் சட்டம்.
தடம் புரள விடாது,
வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடவும் செய்யாது.

வாடகைதாரர் சங்கத்தில் வியாழன் மாலை நீண்ட வரிசை.
நெவின் ஓஸ்குன் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டாள்.
சைக்கிள் நிறுத்த இடம்?
முற்றத்து வேலிதான்.
கழித்தல்.
குப்பைத்தொட்டிப் பக்கம்?
எலிகள் குடியிருக்கின்றன,
அவற்றுக்கு மட்டும் கடிதம் வரவில்லை.
சிரிக்காமல் எழுதினாள்: கழித்தல்.
சமையலறை ஜன்னல்?
ஒற்றைக் கண்ணாடி. பனிக்காலத்தில் உள்பக்கம் பூ பூக்கும்.
கழித்தல்.
பின்கட்டு வீடு இல்லையா, சத்தம் எப்படி?
அமைதி, என்றேன் யோசிக்காமல்.
ரொம்ப அமைதி.
கூட்டல்.

அமைதிக்குமா?
இரண்டு வருடமாகத்தான் இந்த அமைதி.
அதற்கு முன் குளியலறையில் ஒருவன்
சுருதி சேராமல் பாடிக்கொண்டிருந்தான்,
கீழ்வீட்டு குண்டுலா துடைப்பக் கட்டையால்
கூரையை இடிக்கும்வரை.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று கேட்கவில்லை நான்.
வரிசையில் எனக்குப் பின்னால்
கைக்குழந்தையோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

கடைசியாக, துண்டு காயவைக்கும் ஹீட்டர்.
வீட்டு நிறுவனம் அதற்கும் ஒரு கூட்டல் போட்டிருந்தது,
"நவீன வசதி" என்று.
அது எங்களுடையது, என்றேன்,
குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.
அவன் வாங்கியது, அவன் கையால் மாட்டியது.
"அப்படியானால் கணக்கில் வராது," என்றாள் நெவின்.
"ரசீது இருக்கிறதா?"

அன்றிரவு டிராயர்கள் எல்லாவற்றையும் கொட்டினேன்.
செத்துப்போன வாஷிங்மெஷினின் உத்தரவாத அட்டை இருந்தது.
லைப்சிக் போய்வந்த ரயில் டிக்கெட் இரண்டு.
அவன் கண்ணாடியின் பவர் எழுதிய சீட்டு.
பல் மருத்துவருக்கு இன்னும் நாற்பது யூரோ பாக்கி.
ரசீது இல்லை.

விடிகாலையில் குளியலறை விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
நான்கு திருகாணிகள், மூன்று ரகம்.
ஒன்றின் தலை தேய்ந்து மொழுக்கையாகிவிட்டது.
இடதுபுறம் இரண்டு விரற்கடை தாழ்ந்து
சாய்ந்து நிற்கிறது முழுச் சட்டமும்.
நேராக்கு நேராக்கு என்று
எத்தனை ஞாயிறு சண்டை போட்டிருக்கிறேன்.
படம் எடுத்தேன்.

நெவின் முதல்முறையாகச் சிரித்தாள்.
"எந்த நிறுவனத்து ஆளும்
காசு வாங்கிக்கொண்டு இப்படி மாட்டமாட்டான்.
இணைத்து அனுப்புங்கள்."

அனுப்பிவிட்டேன்.
ஐம்பத்தெட்டில் இருபத்தாறுக்குச் சம்மதம்,
மீதிக்கு இல்லை.
வேண்டுமானால் வழக்குப் போடட்டும்,
அதற்கும் அவர்களுக்கு மூன்று மாதம் கெடு உண்டு.

இன்று கடைசி வண்டி. ஒஸ்லோ தெரு நிறுத்தத்தில்
ஒரு குடிகாரன் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்து
பதினோரு நிமிடம் தாமதம்.
வந்து குளித்துவிட்டுத் துண்டை எடுக்கிறேன்.
சரிவிலேயே வழுக்கி
எப்போதும்போல் இடது மூலையில் குவிந்து கிடக்கிறது.
அந்த மூலை மட்டும் ஈரம்.
மற்ற இடமெல்லாம் சூடு.